மருதாணி என்று நான் சொன்ன நிறம்

காபிஸ்
ஞாயிறு, 2 நவம்பர் 2008

அன்பு மகள் துர்ஸாஃபுக்கு,

லியோனில் நீயும் உன் வீட்டாரும் இறைவன் காவலில் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்கிறேன். அடுத்த வரியில் நாங்களும் இங்கே சுகம் என்று எழுத வேண்டும். எழுதினேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எடுத்தேன். உன் அம்மா அவள் தங்கை ஸல்ஹா வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஸல்ஹாவின் மகள் நிப்ராஸின் கல்யாணத்துக்குப் பலகாரம் பிடிக்கிறார்கள். உன் அம்மா ஒரு காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு அங்கே எல்லாரையும் அதிகாரம் செய்துகொண்டிருப்பாள், அதனால் எனக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தவன் இதுவரை மூன்று தரம் எழுந்துவிட்டேன். ஒரு தரம் ஜன்னலை மூட, ஒரு தரம் திறக்க, மூன்றாம் தரம் எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. தென்மேற்கிலிருந்து காற்று, நொடிக்கு ஆறு மீட்டர் இருக்கலாம், நவம்பருக்கு இது கொஞ்சம் அதிகம். வானிலை நிலையத்தில் முப்பத்தோரு வருடம் காற்றை எழுதிய கை, மனம் நிலைகொள்ளாத நேரத்தில் வேறு எதை எழுதும். நேற்று சாயங்காலம் தெருமுனைக் கடையிலிருந்து உன்னை போனில் கூப்பிட்டேன் அல்லவா, லியோனில் மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நான் மழையைக் கேட்கக் கூப்பிடவில்லை. சொல்ல வேண்டியது வேறு. நீ வேலையில் இருப்பதாகச் சொன்னாய், பின்னால் ஒரு பச்சைக் குழந்தை அழும் சத்தம் கேட்டது. எழுத்தில் என்றால் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

நீ ஆகஸ்டில் வந்தபோது கொடுத்துவிட்டுப் போன சின்னக் கேமராவைப் பற்றித்தான். அதன் விளக்கப் புத்தகத்தை நான் இரண்டு தரம் படித்து ஒரு நோட்டில் குறிப்பும் எடுத்து வைத்திருந்தேன். மேலே ஒரு வட்டத் திருகு, அதில் சின்னச் சின்ன உருவங்கள். பச்சை நிறத்தில் ஒரு கேமரா, ஒரு பெண்ணின் தலை, மலை, ஓடுகிற ஆள், பிறையும் நட்சத்திரமும், ஒரு பூ. பிறையும் நட்சத்திரமும் பெருநாளுக்கு என்று உன் அம்மா சொன்னாள், சிரிக்காமல் சொன்னதால் நான் புத்தகத்தை எடுத்து, இல்லை, அது இருட்டில் எடுப்பதற்கு என்று படித்துக் காட்ட வேண்டியிருந்தது. மலை என்றால் தூரக் காட்சி, ஓடுகிற ஆள் என்றால் அசைகிற பொருள். எனக்கு இந்த ஒழுங்கு பிடித்திருந்தது. மனிதரை எடுக்கத் தலை, தோட்டத்தை எடுக்கப் பூ என்று என் நோட்டில் எழுதினேன். பூ என்பது கிட்டத்தில் எடுப்பதற்கான அடையாளம் என்று புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தையும் படித்தேன். படித்தும் என் மனதில் அது செம்பருத்திக்கும் மாதுளம் பூவுக்கும் உரியது என்றே தங்கிவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

நோன்பின் கடைசி வாரம் பெருநாளுக்கென்று வாங்கிய புதுச் செருப்பு உன் அம்மாவின் வலது காலின் அடியில் கடித்துவிட்டது. இரண்டாம் விரலுக்குக் கீழே. சர்க்கரை இருக்கிறவள் நோன்பு வைக்கக் கூடாது என்று நீயும் சொன்னாய், டாக்டரும் சொன்னார், அவள் முப்பது நாளும் வைத்தாள். செருப்பு கடித்ததே அவளுக்குத் தெரியவில்லை, தரையில் ஈரத் தடம் பார்த்துத்தான் தெரிந்தது. பெருநாளுக்கு முந்தின நாள் வழக்கம்போல் இரண்டு காலுக்கும் மருதாணி இட்டுக்கொண்டாள். புண்ணின்மேல் ஒரு கட்டி அதிகமாகவே வைத்து அப்பினாள். இந்த ஊரில் விளைகிற மருதாணி புண்ணை உலர்த்தும் என்பதில் இங்கே யாருக்குச் சந்தேகம். எனக்கும் இல்லை. என் தாயாரும் அப்படித்தான் செய்தார். நீ போனில் புண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய். மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்து, முதல் படத்தை எடுத்தேன். கால் மனிதருடையது, ஆகவே தலை உருவத்தில் திருகை வைத்தேன். ஒரு சாண் தூரத்தில் பிடித்தேன். பொத்தானைப் பாதி அழுத்தினால் திரையில் ஒரு கட்டம் வரும், அது பச்சையானால்தான் தெளிவு, மஞ்சளாகவே மினுக்கினால் தெளிவில்லை என்று என் நோட்டில் இருக்கிறது. மஞ்சளாகத்தான் மினுக்கியது. ஆனால் உன் அம்மா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், நான் அவசரத்தில் முழுக்க அழுத்திவிட்டேன். ஸல்ஹா அப்போது இருந்தாள். "நிப்ராஸ் கல்யாணத்துல மணப்பொண்ணை விட்டுட்டு உன் வீட்டுக்காரர் உன் குதிகாலைத்தான் படம் பிடிப்பார் போல, முன்னாடியே சொல்லிவை, நான் இன்னொரு ஆளை ஏற்பாடு பண்றேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

படத்தை அனுப்ப அவாதிஃபின் இன்டர்நெட் கடைக்குப் போனேன். அங்கே திரைகள் எல்லாம் தெருவைப் பார்த்து இருக்கின்றன. வரிசையாக இளைஞர்கள். உன் அம்மாவின் பாதம் அந்தத் திரையில் வந்து நின்றபோது எனக்கு வேர்த்துவிட்டது, தோளால் மறைத்துக்கொண்டு நின்றேன். அவாதிஃப் எட்டிப் பார்த்தாள். நான் ஹஜ் போகாதவன் என்று தெரிந்தும் அவளும் மற்றவர்களைப்போல ஹாஜ் என்றுதான் கூப்பிடுவாள். "இது என்ன ஹாஜ், ரொட்டியா? நல்லா வெந்திருக்கே" என்று கேட்டாள். நான் ஆமாம் என்று சொன்னேன். படம் ரொம்பப் பெரிசு, போக நேரமாகும் என்று அவள் அதைச் சுருக்கிக் கொடுத்தாள், நானும் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே. ரொட்டி என்று ஒருத்தி நம்பிய படத்தில் நீ எதைப் பார்த்திருக்க முடியும், மகளே. அந்த இரண்டாவது படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நீ போனில் பேசினாய். ஓரம் சுத்தமாக இருக்கிறது, சிவப்பு இல்லை, அந்தக் கறுப்பு என்ன என்று கேட்டாய். நான் மருதாணி என்றேன். வாடை உண்டா என்று கேட்டாய். மருதாணி வாசனைதான் என்றேன். அப்படியானால் ஆறி வருகிறது போலத்தான் இருக்கிறது, ஆனாலும் ஒரு தரம் பெரிய ஆஸ்பத்திரியில் நேரில் காட்டிவிடுங்கள் என்று சொன்னாய். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறி வருகிறதாம் என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து உன் பேச்சின் பின்பாதியைச் சொல்லாமல் விட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்த முன்பாதி எங்கள் வீட்டில் சட்டமாகிவிட்டது. இருபதாம் தேதி பக்கத்து மருந்தகத்து டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஸ்ஃபாக்ஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். உன் அம்மா அந்தச் சீட்டை மடித்து சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தாள். என் மகள் பிரான்சில் நர்ஸ், அவள் படத்தில் பார்த்துச் சொல்லிவிட்டாள் என்று தெருவெல்லாம் சொன்னாள். நீ பிரசவ வார்டில் இருக்கிறாய் என்று நான் மெதுவாக எடுத்துச் சொன்னதற்கு, பிள்ளை பெற வைக்கத் தெரிந்தவளுக்குக் கால் தெரியாதா என்று கேட்டாள். வலியே இல்லை, வலிக்காத புண் எப்படிக் கெட்ட புண்ணாகும் என்றும் கேட்டாள். பதினான்காம் தேதி கல்யாணம், மருதாணி இரவில் மணப்பெண்ணின் பெரியம்மா நடுவில் இருக்க வேண்டும், அதற்கு முன்னால் எந்த ஆஸ்பத்திரிப் படியும் மிதிக்க மாட்டேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். என்னால் அவளோடு வாதாட முடியாது என்பது உனக்குத் தெரியும். நான் வெள்ளிக்கிழமைதோறும் படம் எடுப்பதோடு நின்றேன். நீ இனி வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆகவே எடுத்தேன், அனுப்ப மட்டும் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டேன்.

நேற்று, சனிக்கிழமை காலை, ஐந்து வெள்ளிக்கிழமைப் படங்களையும் கேமராவிலேயே ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்த்தேன். தேதி ஒவ்வொன்றின் மூலையிலும் இருக்கிறது. மூன்று, பத்து, பதினேழு, இருபத்துநான்கு, முப்பத்தொன்று. நிலையத்தின் காற்றழுத்த ஏட்டில் இறங்குமுகத்தைத் தேடுகிற மாதிரி பழக்க தோஷத்தில் பார்த்தேன். குதிகாலில் மருதாணி வாரா வாரம் வெளுக்கிறது. முதலில் அடர்ந்த பழுப்பு, பிறகு செங்கல், பிறகு ஆரஞ்சுத் தோல். விரலுக்கு அடியில் உள்ள நிறம் வெளுக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் அது கூடுகிறது. ஒரே நாளில், ஒரே கிண்ணத்திலிருந்து இட்ட மருதாணி. திரும்பத் தள்ளிப் பார்த்தேன். வெளிச்சத்தின் குற்றமாக இருக்கலாம், என் கண் புரையாக இருக்கலாம் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோதித்துவிடலாம் என்று என் இடக் கையைத் தலை உருவத்தில் ஒன்று, பூ உருவத்தில் ஒன்று எடுத்தேன். தலை உருவத்தில் என் கைக்கு நாற்பது வயதுதான், வயசுப் புள்ளி ஒன்றுகூட இல்லை, வெப்பமானி உடைந்து கட்டைவிரலில் கிழித்த தழும்பு கிட்டத்தட்டக் காணவில்லை. பூ உருவத்தில் கட்டம் பச்சையாகி ஒரு சின்னச் சத்தம் வந்தது, தழும்பில் தையல் போட்ட புள்ளிகளை எண்ண முடிந்தது. முகத்தை அழகாகக் காட்டுவதற்காகத் தோலை அது மெழுகிவிடுகிறது, துர்ஸாஃப். புத்தகத்தில் அதையும் போட்டிருக்கிறது, தோல் மென்மையாக வரும் என்று. நான் அதை ஒரு நல்ல செய்தியாகப் படித்திருக்கிறேன்.

உன் அம்மா காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்போது பத்து மணி, ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம். மின்னல் விளக்கை அணைத்தேன், முந்தியெல்லாம் அதுதான் அடித்து எல்லாவற்றையும் வெள்ளையாக்கியிருக்கிறது. கேமரா அசையக் கூடாது என்று கூஸ்கூஸ் சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் கேமராவை வைத்தேன். இரண்டு நொடி கழித்துத் தானே எடுக்கிற ஏற்பாட்டைப் போட்டேன். கட்டை மெல்லப் பிரித்து, பக்கத்தில் அடிக்கோலை வைத்து, பூ உருவத்தில் ஏழு படம் எடுத்தேன். இந்த ஐந்து வாரமும் கட்டு மாற்றும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், படம் எடுக்கும்போது திரையைப் பார்த்தேனே தவிரக் காலைப் பார்க்கவில்லை. நேற்றும் திரையில்தான் பார்த்தேன், ஆனால் இந்தத் திரை பொய் சொல்லவில்லை. ஓரம் வெட்டினாற்போல் கறுப்பு. அடிக்கோலில் இருபத்தாறு மில்லிமீட்டர். விரலின் நுனிக்குப் போய்விட்டது. தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. அவள் தூக்கத்தில் அசையக்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் உன்னைக் கூப்பிட்டு மழையைக் கேட்டேன். இன்று அவளிடம் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதோ வாசலில் ஸல்ஹாவின் குரல், நிறுத்துகிறேன்.

ஸ்ஃபாக்ஸ், புதன்

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். ஞாயிறு மாலை ஸல்ஹா போன பிறகு நான் கேமராவை உன் அம்மா கையில் கொடுத்தேன். அவளால் குனிந்து தன் உள்ளங்காலைப் பார்க்க முடியாது, எத்தனையோ வருடமாக அப்படித்தான். பெரிதாக்கும் பொத்தானை இரண்டு தரம் அழுத்தி நானே பிடித்துக் காட்டினேன். அவள் கண்ணாடியைச் சரிசெய்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது யாரு கால்? ஐயோ பாவம், அவளைப் பார்த்துக்க வீட்ல ஆளே இல்லையா?" என்றாள்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அடிக்கோலைப் பார்த்தாள், அது என் மேசைமேல் எப்போதும் கிடக்கிற, மூன்றாம் எண் அழிந்த அடிக்கோல். கேமராவைப் போர்வைமேல் வைத்துவிட்டாள். துர்ஸாஃப் ஆறி வருகிறது என்றாளே என்று மட்டும் கேட்டாள். கோபம் வந்தால் என்னை ஸீ ஸுபைர் என்று மரியாதையாகக் கூப்பிடுவாளே, அப்படிக்கூடக் கூப்பிடவில்லை. அப்போது எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ. "அவ பார்த்தது என் படத்தை, மஹ்பூபா. உன் காலை இல்ல. அவ ஆஸ்பத்திரிக்குப் போகவும் சொன்னா. நான்தான் உன்கிட்ட சொல்லல" என்றேன். நாற்பத்துநான்கு வருடத்தில் அவளிடம் நான் இவ்வளவு நீளமாக ஒன்றும் சொன்னதில்லை. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் சர்க்கரை டப்பாவைத் தூக்கி அந்தச் சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். அவ்வளவுதான். திங்கள் காலை ஆறு மணிக்கு, ஆளுக்கு இவ்வளவு என்று ஏற்றிப்போகிற பங்கு வண்டியில் ஏறினோம், ஸல்ஹா கல்யாண வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கூட வந்தாள். வழி நெடுக உன் அம்மா அவளிடம் பலகாரத்துக்கு எவ்வளவு நெய் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

இங்கே அறுவை மருத்துவர் ஒரு பெண், உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். நான் கேமராவைக் கொடுத்தேன். எல்லாப் படங்களையும் தேதி வாரியாகத் தள்ளிப் பார்த்தார், மங்கலானவற்றையும். பிறகு நிமிர்ந்து, "இவ்வளவு ஒழுங்கா படம் எடுத்திருக்கீங்க, ஐயா. இதுல ஒரு வெள்ளிக்கிழமை வண்டியில ஏத்திக் கூட்டிக்கிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை, அதனால் இன்னும் சுட்டது. இரண்டாம் விரல் போக வேண்டும், பக்கத்து விரல் ஒருவேளை, பாதத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன், இன்னும் ஒரு வாரம் ஆகியிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றார். உன் அம்மா கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கி, கல்யாணம் பதினான்காம் தேதி என்று அவரிடம் சொன்னாள். அவர், மணப்பெண் இங்கே வந்து உங்களைப் பார்ப்பாள் என்றார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

திங்கள் மதியம் ஸல்ஹா உனக்கு போன் செய்தபோது நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். "நான்தானே ஆறுகிறது என்று சொன்னேன், நான்தானே" என்று நீ அழுதது ரிசீவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. ஸல்ஹா போனை என் பக்கம் நீட்டினாள், நான் கையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதத்தை முடிக்காமல் தூங்க முடியவில்லை. இதோடு கேமராவின் நினைவு அட்டையையும் வைத்திருக்கிறேன். அடுத்த கட்டிலில் இருக்கும் அம்மாளின் மகன் வெள்ளிக்கிழமை லியோனுக்குத் திரும்புகிறார், உன் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். முதல் ஐந்து படங்களையும் கடைசி ஏழையும் அடுத்தடுத்து வைத்துப் பார். நீ பார்த்தது எது, அங்கே இருந்தது எது என்று உனக்குத் தெரிந்துவிடும். நீ சொன்னதில் தவறு இல்லை. உனக்கு வந்து சேர்ந்ததுதான் தவறு, அதை அனுப்பியவன் நான். இதை நீ உன் மனதைத் தேற்ற நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே, படத்திலேயே இருக்கிறது, நீயே சரிபார்க்கலாம்.

வியாழன் காலை

நேற்று அறுவை முடிந்தது. ஒரு விரலோடு நின்றது. மூன்று நாள் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும் என்கிறார்கள், நான் இரண்டு மணிக்கு ஒரு தரம் எழுதி வைக்கிறேன், இதுவரை முப்பத்தேழு புள்ளி நான்குக்கு மேல் போகவில்லை. கண் விழித்ததும் ஆஸ்பத்திரிச் சூப்பில் ஹரீஸா மிளகாய் விழுது இல்லை என்று குறை சொன்னாள். நிப்ராஸ் இரவெல்லாம் அழுதாளாம், கல்யாணத்தைத் தள்ளிப் போடலாமா என்று கேட்டாளாம், உன் அம்மா வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நீ இப்போது ஓடி வர வேண்டாம் என்றும் சொல்கிறாள், ஆனால் தினமும் எந்த விமானம் எத்தனை மணிக்கு வருகிறது என்று ஸல்ஹாவைக் கேட்கிறாள். நீயே முடிவு செய்துகொள். குளிர் ஆரம்பித்திருக்கும், இரவு வேலைக்குப் போகும்போது கழுத்தை மூடிக்கொள், நின்றுகொண்டே சாப்பிடாதே. அல்லாஹ் உன் கைகளைக் காக்கட்டும், அந்தக் கைகளில் வந்து பிறக்கிற குழந்தைகளையும் காக்கட்டும். உன் வீட்டில் நோய் நுழையாமல் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இனிமேல் போனில் நான் பரவாயில்லை என்று சொன்னால், நீங்களே பார்த்தீர்களா, இல்லை அம்மா சொன்னதைச் சொல்கிறீர்களா என்று கேள். ஒவ்வொரு தரமும் கேள். நான் வருத்தப்பட மாட்டேன். இன்று காலை கட்டு மாற்ற வந்த நர்ஸ் என்னை வெளியே நிற்கச் சொன்னார். நான் போகவில்லை, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்கு விரல்கள் இருக்கின்றன. தையல் பதினொன்று. சுற்றிலும் தோல் இளஞ்சிவப்பு, தொட்டால் சூடாக இருக்கிறது. பார்த்தேன்.

உன் தகப்பன்,
ஸுபைர்